கொய்யாக் கிளையில் கட்டிய மருந்து

எழுபத்து நாலோ ஐந்தோ, நான் மூன்றாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கால் பெருவிரலை எடுத்தார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளும்போது குச்சி குத்திய புண்தான். சர்க்கரை வியாதி என்று அப்புறம்தான் தெரிந்தது. அறுத்த இடம் ஆறும்வரை தினமும் இன்சுலின் போடணும், இல்லையென்றால் காலே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எஸ்டேட் கம்பவுண்டர் அப்பாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார்.

எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரே அறை. அடுப்பும் அதிலேயே. அந்தச் சூட்டில் கெட்டுப்போகும் என்று அப்பா குப்பியைத் தகர டப்பாவில் போட்டு வெளியே கொய்யாக் கிளையில் கட்டினார். சூரியநெல்லி மலையில் அது தை மாசம். தேயிலையே கருகும் பனி. காலையில் மருந்து கல்லாக இருந்தது.

"இதுக்கு மேல குளுமை வேணுமா?" என்று எங்களுக்குக் காட்டினார். உள்ளங்கையில் உருட்டி இளக்கி, அம்மாவின் தொடையில் போட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பாள். "என்ன மதினி, ஊசி குத்துற சாக்குல அண்ணன் பழி தீக்கிறாரா?"

அம்மா சிரிப்பாள்.

கம்பவுண்டர் அம்மாவின் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுவார். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை, நல்லது. அம்மாவுடையது எப்போதும் செங்கல் நிறம். ஊசி மருந்தைக் கூட்டினார். அப்போதும் செங்கல். வாயைக் கட்டச் சொல்லுங்க என்றார்.

அப்பா கத்திக்கொண்டே வந்தார்.

"களவா என்னத்தடி திங்கிற?"

"ஒண்ணும் திங்கல."

"பின்ன சக்கரை என்ன வானத்துல இருந்தா விழுகுது?"

அம்மா என்னை இழுத்து என் தலையில் கை வைத்தாள். "பிள்ள மேல சத்தியமா திங்கல."

பாதம் கருத்தது. ஜீப்பில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மலையாளத்து நர்ஸ் அப்பாவைக் கேட்டாள். "மருந்து எப்பவாச்சும் உறைஞ்சு கட்டியாச்சா? உறைஞ்சா அது வெறும் பச்சத்தண்ணியாக்கும்."

அப்பா வாயைத் திறந்தார்.

கட்டிலில் கிடந்த அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் உறையல சிஸ்டர். நாந்தேன் வெல்லம் தின்னுட்டேன்."

நர்ஸ் அவளை நன்றாகத் திட்டினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

எனக்கு ஒன்றுதான் ஓடியது. என் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறாள். நான் செத்தாலும் பரவாயில்லை, அவளுக்கு வெல்லம்தான் பெரிது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்தாள். காலையில் சீப்போடு உட்கார்ந்து, "வாடி, தலை பின்னி விடுறேன்" என்பாள். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்விடுவேன். அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார்.

சத்தியம்தான் நிஜம், வெல்லம்தான் பொய் என்று அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.