தபாலக்காவும் விமான எஞ்சினும்

அந்தப் படகுப் பட்டறையில் எல்லோரும் அவளைத் தபாலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் வேலை படகு இருக்கைகளுக்கு மெத்தை தைப்பது. ஆனால் தையல் மெஷினில் உட்கார அவளை யார் விட்டார்கள்? பட்டறையின் இந்த முனையில் புருஷன், எஞ்சின் மெக்கானிக். அந்த முனையில் கூடப்பிறந்த தம்பி, படகின் உடம்பையும் தண்ணீருக்குள் சுழலும் விசிறியையும் செய்கிறவன். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, "அவன்கிட்ட சொல்லு", "அவர்கிட்ட சொல்லுக்கா" என்று இவளைப் பம்பரமாய்ச் சுற்றவிட்டார்கள். காதும் நன்றாகக் கேட்கும் மகராசன்களுக்கு!

"பெரிய ஸ்பேனர் எங்கன்னு அவன்கிட்ட கேளு."

"அவர் பாக்கெட்லதான் இருக்குன்னு சொல்லுக்கா."

சண்டைக்குக் காரணம் இதற்கு முன் செய்த படகு. பழைய இரும்புக் கடைகளில் அந்தக் காலத்து விமான எஞ்சின்களைத் தேடிப் பிடித்து, புத்தம்புதிய வேகப்படகுக்குள் இறக்குவது புருஷனுக்குக் கிறுக்கு. அப்படி இறக்கிய முதல் எஞ்சின், படகின் அடியைப் பிளந்துகொண்டு ஆற்றின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. "உன் தம்பி செஞ்சது படகா, காகிதப் பெட்டியா?" என்றார் இவர். "எஞ்சினை ஒழுங்கா உக்கார வைக்கத் தெரியாதவர் பேசுறார் பாரு" என்றான் அவன். அன்றைக்கு ஒருவருக்கொருவர் மூடிய வாய்தான், இன்னும் திறக்கவில்லை.

அப்புறம் இன்னொரு எஞ்சின் வந்தது. பன்னிரண்டு சிலிண்டர், ஆள் நீளத்துக்கு மேல். "இது ஓடட்டும், அப்புறம் பேசுறேன்" என்றார் புருஷன். தம்பியும் அதையே சொன்னான். மற்றபடி எஞ்சின் மேல் அவளுக்கு என்ன ஆசை? அது ஓடினால் தன் வீட்டில் இரண்டு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான். அதற்காகவே அலுக்காமல் நடந்தாள், சேதி சொன்னாள், திட்டுகளை மட்டும் வழியிலேயே விழுங்கினாள்.

விமானத்தில் விசிறி மாட்டும் மூக்கு முன்னால் இருக்கும் எஞ்சின், படகில் மூக்கைப் பின்பக்கம் திருப்பித்தான் உட்காரும். அதனால் விசிறி சுற்றும் பக்கமும் மாறிப்போகும், அதைச் சரிசெய்தாக வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒருநாள் புருஷன் அவள் காதோடு, "உன் தம்பி ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டுட்டான். நானே சரி பண்ணிட்டேன். சொல்லிடாத, ஓடினப்புறம் அவன் மூஞ்சியப் பாக்கணும்" என்று சிரித்தார். அடுத்த வாரம் தம்பி, "மாமா ஒண்ண மறந்துட்டார்க்கா. நான் பாத்துக்கிட்டேன். மூச்சு விடாத" என்று கண்ணடித்தான். சேதி சொல்லியே கால் தேய்ந்தவளுக்கு, சொல்லாதே என்ற சேதி கசக்குமா? ஒருவர் குறையை மற்றவர் தீர்த்துவைக்கிறாரே என்று உள்ளூர மகிழ்ந்துகூடப் போனாள்.

சோதனை ஓட்டத்தன்று படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். விமான எஞ்சினுக்கு ஏது கிளட்ச்? கிளம்பினால் கூடவே விசிறியும் சுழலும், படகு பாயும். அது முன்னால் பாய்ந்துவிடக் கூடாதென்று பின்பக்கத்தைப் படகுத்துறையின் மரமேடையோடு வடம் போட்டுக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் எப்படித் தள்ளுகிறது என்று பார்க்கத் தம்பி அந்த மேடை நுனியில் குந்தியிருந்தான். புருஷன் படகுக்குள். அவள் கரையில்.

"ரெடியான்னு கேளு!"

"ரெடின்னு சொல்லுக்கா!"

அவள் கையை உயர்த்தினாள். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, புகை கக்கியது, அப்புறம் போட்ட சத்தத்தில் அவள் நின்ற கரையே அதிர்ந்தது.

படகு பின்னால் பாய்ந்தது.

ஐயோ, பின்னால்! அத்தனை கனமான படகு, வடத்தைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, நேராகத் தம்பி மேல். மேடைப் பலகைகள் படபடவென்று முறிந்தன. தம்பி இருந்த இடத்தில் தம்பி இல்லை. நுரைதான் இருந்தது. கத்த வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தண்ணீருக்குள் அந்த விசிறி சுற்றுகிறதே, கடவுளே, அது அவனே செய்த விசிறி.

எஞ்சின் அணைந்தது. புருஷன் துணியோடு குதித்தார். முழுகினார், எழுந்தார், மறுபடி முழுகினார். அப்புறம் உடைந்த பலகைகளுக்கு நடுவிலிருந்து தம்பியின் தலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். உயிர் இருந்தது. விசிறி தொடவில்லை. ஆனால் பலகை விழுந்து முழங்காலுக்குக் கீழே கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

கரையில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் அவளைப் பார்த்துப் புலம்பினார். "நான் நடுவுல ஒரு பல்சக்கரம் போட்டு சுத்துறத மாத்திட்டேனே! முன்னாலதானே போகணும்?"

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, அவனும் அவளைத்தான் பார்த்தான். "நான் விசிறியோட இதழையே எதிர்ப்பக்கமா வெச்சு வார்த்துட்டேன்க்கா."

இருவரும் மாற்றியது ஒன்றையேதான்; இரண்டு தரம் மாற்றியதில் பழையபடி தலைகீழாகிவிட்டது. யாராவது ஒருவர் மாற்றியிருந்தால் படகு முன்னால் போயிருக்கும். அடிப்பாவி, இரண்டு சேதியும் என் மடியில்தானே கிடந்தது! அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்யும் சத்தம் எங்கோ கேட்டது.

புருஷன் தம்பியின் நனைந்த தலையைத் தடவிக்கொண்டே அவளிடம் சொன்னார்.

"கால் ரொம்ப வலிக்குதான்னு அவன்கிட்ட கேளு."

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"உங்க மடியிலதானே கிடக்கான்! நீங்க கேளுங்க!"

அவர் குனிந்தார்.

"வலிக்குதா மச்சான்?"

"உயிர் போகுது மாமா" என்றான் தம்பி.