லூர்துவின் அந்தோணியாரைப் பார்க்கப் போனேன்

எங்கள் சாஆ ஊரிலிருந்து பத்து பாகாட் பட்டணத்துக்கு ஏறக்குறைய நாற்பது மைல். சப்பான்காரன் ஆட்சியின் மூன்றாம் வருஷத்தில், கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் அதற்கு ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளி, வாழைமரம் அச்சடித்த நோட்டில். சப்பான் மணிக்குக் காலை ஏழரை. வானத்தைப் பார்த்தால் ஆறுதான் இருக்கும். மூன்று பேர் ஏறினோம். நான், பக்கத்து வீட்டு லூர்து, அவள் புருஷன் சவரிமுத்து. ‘அவள் புருஷன்’ என்று எழுதும்போதே வயிறு எரிகிறது.

சவரியையும் என் வீட்டுக்காரரையும் ஒரே லாரியில்தான் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிப் போனார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கிராணி. ஆள்கணக்கு எழுத வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனார்கள். இந்தப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சவரி மட்டும் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். “அண்ணன வேற கேம்ப்புக்கு மாத்திட்டாங்க அண்ணி” என்றான். அதற்கப்புறம் என்னைக் கண்டாலே கொல்லைப் பக்கம் போய்விடுவான்.

லூர்து ரோமன் கத்தோலிக்கச்சி. புருஷனைக் கொண்டுவந்து சேர்த்தால் பத்து பாகாட் கோயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பதாக அந்தோணியாரிடம் நேர்ந்திருந்தாள். நாங்கள் புரொட்டஸ்டண்ட். செத்துப்போனவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது எங்கள் சபையில் கிடையாது. இடையில் நிற்கக் கிறிஸ்து ஒருவர் போதும். அந்த ஒருவரிடம் முழங்கால் தேயத் தேய நானும்தான் கேட்டேன். அவளுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. என்ன நியாயம் இது? ஆற்றமாட்டாமல்தான் “நானும் வர்றேன்” என்று கிளம்பினேன். உபதேசியாருக்குத் தெரிந்தால் சபையை விட்டே தள்ளிவைப்பார்.

வழி நெடுக இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், பால்வெட்டாமல் புதர் மண்டிக் கிடந்தன. யோங் பெங்கில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். காவல் நின்ற சப்பான்காரன் முன்னால் இடுப்பு வளையக் குனிந்துவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். குனிந்தேன். சரியாகக் குனியாத ஒரு சீனக் கிழவருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது.

பஸ் நகர்ந்ததும் லூர்து ஆரம்பித்தாள். “சப்பான்காரனுக்கு இவ்ளோ வளையுது, எங்க கோயில் சுரூபத்துக்கு முன்னால மட்டும் வளையாதாக்கா?”

“அவன் கையில துப்பாக்கி இருக்குடி. உன் அந்தோணியார் கையில என்ன இருக்கு?”

“கொழந்தை ஏசு இருக்காரு. நீங்க சபையில எழுந்து நின்னு, எனக்காக ஜெபிச்சுக்கோங்கன்னு கேக்கிறதில்லையா? நாங்க மேல இருக்கறவங்ககிட்டயும் கேக்கறோம். அவ்ளோதான் லா.”

“சபையில கேக்கறது உயிரோட இருக்கறவங்ககிட்ட.”

“ஆண்டவர்கிட்ட போனவங்க செத்தவங்களா என்ன?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சவரி இருமினான்; அவள் அவன் முதுகைத் தடவத் திரும்பிவிட்டாள். அந்தத் தடவலைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே பார்த்தேன். சவரி ஜன்னலோரம் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். மேட்டில் பஸ் மூச்சுத் திணறி நின்றது. டிரைவர் இறங்கிக் கரியைக் கிளறினார். “எறங்கித் தள்ளுங்க, இல்லாட்டி இங்கேயே குடித்தனம் பண்ணுங்க” என்றார். தள்ளினோம்.

பத்து பாகாட் வந்து சேர நண்பகல் தாண்டிவிட்டது. கடைகளில் பாதி சாத்தியிருந்தன. திறந்திருந்ததிலும் மரவள்ளிக் கிழங்குதான். கோதுமை மாவைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று! லூர்து கொண்டுவந்ததும் மரவள்ளி ரொட்டிதான். கோயில் வாசலில் கையேந்தி நின்றவர்களுக்கு அவள் அதைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தபோது, சவரி முந்தி உள்ளே போனான். நானும் போனேன்.

உள்ளே இருட்டாக, மெழுகு வாசனையாக இருந்தது. குழந்தை ஏசுவை ஏந்திக்கொண்டு கையில் லீலிப் பூவோடு ஒருவர் நின்றார். இவர்தான் என்று முன்னால் போய் நின்றேன். மண்டியிடவில்லை, அந்த மட்டுக்கும் நான் புரொட்டஸ்டண்ட். “லூர்துவுக்குச் செஞ்சீங்க. எனக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை? நான் உங்க ஆளு இல்லேன்னா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பின்னால் லூர்து வந்து நின்றாள். “அலமாக்! அக்கா, இவரு சூசையப்பரு, ஏசுவ வளத்தவரு! தாடி தெரியலையா? அந்தோணியாரு அங்க, தூணுக்கு அந்தப் பக்கம்.”

இருவர் கையிலும் குழந்தை, இருவர் கையிலும் பூ. சபையில் வெறும் சுவரைப் பார்த்து வளர்ந்தவளுக்கு என்ன தெரியும்? அழுகையோடு சிரிப்பும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூணைச் சுற்றிப் போனேன்.

அங்கே சவரி முழங்காலில் இருந்தான். கண் மூடியிருந்தது. நான் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவன் பேசியது அந்தோணியாரிடம் அல்ல.

“ஞானமுத்து அண்ணே, நீங்க இப்ப ஆண்டவர் பக்கத்துல இருக்கீங்க. எனக்காக மன்றாடுங்கண்ணே. அண்ணிகிட்ட சொல்ற தைரியத்த வாங்கிக் குடுங்க.”

ஞானமுத்து என் வீட்டுக்காரர்.

சவரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். “அண்ணி” என்றான். பிறகு எல்லாம் சொன்னான். மழைக்காலம், காலரா. ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. தன் கஞ்சியை இவனுக்குக் கொடுத்திருக்கிறார். இவன் மடியில்தான் தலை சாய்ந்திருக்கிறது. அந்த மடியின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. அது நான் இருந்திருக்க வேண்டிய இடம்.

சாயங்கால பஸ்ஸில் சாஆவுக்குத் திரும்பினோம். லூர்து என் கையை விடவே இல்லை. அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியுமாம். நம்பினேன். அவள் தோளில் சவரி தூங்கிப்போனான்.

ஊரில் சபை இருக்கிறது, வசனம் இருக்கிறது. போனவரிடம் பேசாதே, ஆண்டவரிடம் பேசு என்று உபதேசியார் ஆறுதல் சொல்வார். அது தப்பென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டினவள் பேசக்கூடாதாம், சவரி பேசலாமாம். அவன் முழங்காலை விட்டு எழுவதற்குள் கேட்டது கிடைத்தும்விட்டதே! யோங் பெங் தாண்டியதும் பஸ்ஸில் எல்லாரும் கண் அயர்ந்தார்கள். நான் முந்தானையை வாயருகே இழுத்துக்கொண்டேன்.

“என்னங்க,” என்றேன், “அவனுக்கு மட்டும் ஒடனே பதில் சொன்னீங்களே.”