சிட்டிபாபு கட்டிய மணி

சிட்டிபாபு என்ற பெயரை நான் முதலில் கேட்டது, புத்தூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தபோது. என் தங்கை சென்னம்மா தலையிலிருந்த கூடையைக்கூட இறக்காமல் வந்து, தன் மகள் இந்திராணிக்கு வெதுருகுப்பத்தில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னாள். பெயரைக் கேட்டதும் சூளைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். “பேரு ஜமீன்தாரு பேரு. வூட்டுக் கூரையில ஓலெ கீதான்னு பாத்தியாடி?” என்று நானும் கேட்டேன்.

ஓலை இல்லைதான். நிலமும் இல்லை. அவனுடைய அம்மா என் மாமனாருக்குச் சித்தப்பா பேத்தி. அந்த வழியில் முறை சரியாக வந்தது. கொடுத்துவிட்டோம்.

அவனுக்கு மாந்தோப்பில் காவல் வேலை. மலையடிவாரத்தில் பெரிய தோப்பு. உள்ளேயே ஒரு குடிசை. இந்திராணிக்கு ஹரிதா பிறந்ததும் அந்தக் குடிசையில்தான். காய்ப்புக் காலத்தில் மலையிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கும். அவன் தகரத்தைத் தட்டுவான். அவை ஓடும், பிறகு திரும்பி வரும். அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரங்கு தின்றது சாமி பங்கு என்று தோப்புக்காரர் விட்டுவிடுவார்.

ஒரு கோடையில் சின்னப் பெண்குரங்கு ஒன்று கரண்டு கம்பியைத் தொட்டுவிட்டது. இடது கை மணிக்கட்டு வரைக்கும் கருகிப் போயிற்று. சிட்டிபாபு வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தினமும் தடவினான். தான் தின்ற கேழ்வரகுக் களியில் ஒரு கவளம் கிள்ளிக் கொடுத்தான். புண் ஆறியது, கை மட்டும் போய்விட்டது. மொண்டி என்று பெயர் வைத்தான்.

மொண்டி தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. ஆனாலும் மத்தியானம் அவன் களித் தட்டோடு உட்கார்ந்தால் எங்கிருந்தாலும் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து இருக்கிற ஒரு கையை நீட்டும். தின்று முடித்ததும் அவன் தலையில் பேன் பார்க்கும். அவனும் அதை மடியில் போட்டுக்கொண்டு கழுத்து மயிரை விலக்கி உண்ணி பார்ப்பான். தகரம் தட்டினால் மற்ற குரங்குகள் மலைக்கு ஓடும். இது மட்டும் அவனைப் பார்த்து ஓடி வரும்.

“ஏன்யா, நீ என்னெக் கட்டிக்கினியா, அதெக் கட்டிக்கினியா?” என்பாள் இந்திராணி.

“அது உன்னெ மாதிரி புதுச் சீலெ கேக்காதுடி.”

பிறகுதான் சித்தூர் ரோட்டில் மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள் வரிசையாக வந்தன. கூழை டிரம்மில் அடைத்துக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். தோப்புக்காரர் காய்ப்பைக் கோவர்த்தனன் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டார். பல் பட்ட காயை ஃபாக்டரியில் எடுக்க மாட்டார்கள். அதனால் மோட்டார் பைக்கில் வந்து இறங்கிய கோவர்த்தனன் முதலில் பார்த்தது மரத்தை அல்ல, அடியில் கிடந்த கடித்த காய்களை.

“ரே சிட்டிபாபு, கொரங்கு வளக்கறதுக்கு நான் சம்பளம் குடுக்கல. வர்ற வெள்ளிக்கெயமெ ஒண்ணு கண்ணுல பட்டாலும் வாயெப்பயத்துல மருந்து வெச்சிடுவேன். நீயும் குடிசைய காலி பண்ணிக்கினு போயிடு.”

காய் பறிக்கும் கூலிக்கு நானும் அப்போது அங்கே போயிருந்தேன். கோவர்த்தனன் போனதும் மூன்று பேரும் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தோம். இந்திராணிதான் பேச்சை எடுத்தாள்.

“எங்கூருல மணி கட்டி வுடுவாங்களே. ஒண்ணுக்குக் கட்டுனா போதும். மொத்தக் கூட்டமும் ஓடிடும்.”

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குரங்கு ஆஞ்சநேயர், அடித்தால் பாவம், கொன்றால் வம்சத்துக்கே ஆகாது. அதனால் ஒரு குரங்கைப் பிடித்துக் கழுத்தில் மணியைக் கட்டி விட்டுவிடுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மற்றவை ஓடும். மணி கட்டிய குரங்கோ தன் கூட்டத்தைத் தேடிப் பின்னாலேயே ஓடும். இப்படித் துரத்தியும் ஓடியும் எல்லாம் அந்த இடத்தை விட்டே போய்விடும். ரத்தம் இல்லை, சாவு இல்லை, அதனால் பாவமும் இல்லை என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். மணி கட்டிய குரங்கு பிறகு என்ன ஆகிறது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

“கட்டலாம். எது கைக்கு வரும்?” என்று கேட்டான் சிட்டிபாபு.

மொண்டி குடிசைக்குப் பின்னால் ஹரிதாவோடு புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது.

மருந்து வைத்தால் கூட்டமே சாகும், மொண்டியும் சாகும். அதைவிட இது மேல் என்று அவனும் நினைத்தான். பத்தே நாள், காய் இறங்கியதும் அவிழ்த்துவிடலாம் என்று எங்களிடம் சொன்னான். தனக்கும் சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் களியில் வெல்லம் சேர்த்துப் பிசைந்தான். மொண்டி வந்து தின்றது. பிறகு வழக்கம்போல அவன் மடியில் படுத்துக் கழுத்தைக் காட்டியது. கயிறாக இருந்தால் பல்லால் அறுத்துவிடும் என்று கன்றுக்குட்டி மணியைக் கம்பியில் கோத்து வைத்திருந்தான். அதைக் கழுத்தில் சுற்றி முறுக்கும்போது மொண்டி கொஞ்சமும் திமிறவில்லை. உண்ணி பார்க்கிறான் என்று நினைத்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

எழுந்ததும் மணி அடித்தது. மொண்டி துள்ளிக் குதித்தது. இன்னும் பெரிதாக அடித்தது. பயந்துபோய்த் தன் கூட்டத்திடம் ஓடியது. அங்கே ஒரே கூச்சல். தாய்க்குரங்குகள் குட்டிகளை வயிற்றில் அணைத்துக்கொண்டு மலையேறின. மொண்டி பின்னாலேயே போயிற்று. அது கிட்டே போகப் போக அவை தூரம் போயின. சாயங்காலம் வரைக்கும் மலையைச் சுற்றிச் சுற்றி அந்தச் சத்தம் கேட்டது. ஹரிதா காதைப் பொத்திக்கொண்டு குடிசைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தோப்பில் ஒரு குரங்கு இல்லை. கோவர்த்தனன் சிட்டிபாபுவின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நாலாம் நாள் மொண்டி மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. கூட்டம் அடுத்த மலைக்கே போய்விட்டிருந்தது. எதிர்ப்பாறையில் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. அவன் களியை நீட்டிக் கூப்பிட்டான். பத்தடி தூரம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. களியைக் கல்லில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். காக்கை வந்து தின்றுவிட்டுப் போயிற்று.

பத்து நாளில் காய் இறங்கியது. கடைசி லாரி கிளம்பும்போது, குரங்கே இல்லாத தோப்புக்குக் காவல் எதற்கு என்று சொல்லி, குடிசையைக் காலி செய்யச் சொன்னார் கோவர்த்தனன். அந்த வருஷம் எங்கள் ஜனம் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்திராணியும் ஹரிதாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் போகவில்லை. மணியை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

ஒன்றரை மாதம் இடுப்பில் ஒரு கட்டிங் பிளேயரைச் செருகிக்கொண்டு பாறையடியில் கிடந்தான். இந்திராணி சொல்லியனுப்பி நான் கூட்டிவரப் போனேன். மொண்டி எலும்பாகிப் போயிருந்தது. கம்பி அறுத்துக் கழுத்தெல்லாம் புண், ஈ மொய்த்தது. ஓடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. சிட்டிபாபு உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கிட்டே போனான். பிளேயர் பிடித்த கையை நீட்டினான். இரும்பு கழுத்தில் பட்டதும் அவன் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்துவிட்டுப் பாறைச் சந்துக்குள் போய்விட்டது.

என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன்.

“கடிச்சது சரிதான் பெரியத்தெ. அது மடியில படுத்துக்கினு இருக்கும்போதுதானே கட்டுனேன்” என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் மணிச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை. அவன் மலை முழுக்கத் தேடினான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் பாகாலாவுக்குக் கூட்டிப்போய் ரயிலேற்றி விட்டேன்.

பெங்களூரில் காவல் வேலை தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் சிமெண்டு மூட்டை தூக்கினான். தெருநாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தால்கூட இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கிப் போய்விடுவான் என்று இந்திராணி சொல்வாள். மணி கட்டச் சொன்னவள் தான்தானே என்று அவளும் சாகும்வரை மருகிக்கொண்டிருந்தாள். இப்போது எங்கள் பிள்ளைகள் யாராவது குரங்குக்கு மணி கட்டலாம் என்று பேச்செடுத்தால் நான் அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று கேட்கிறார்கள்.

சிட்டிபாபு இப்போது ரேணிகுண்டாவில் ஹரிதாவின் வீட்டில் இருக்கிறான்.