நாற்பதாவது ஆள்

மூன்று ஊர்களில் வேலை செய்கிறவன் எந்த ஊரில் குடியிருக்கிறான்? பாய் விரித்துப் படுக்கிற ஊரிலா, சோறு போடுகிற ஊரிலா, அல்லது அவன் வராத நாளில் அவனைத் தேடுகிற ஊரிலா? இதற்குப் பெரிய நூல்களில் விடை இருக்கலாம். ஒஸ்தா அபூசாலியின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வந்தவர்கள் எல்லோரும் தங்களுக்கு வசதியான விடையையே சொன்னார்கள்.

ஒஸ்தா என்பவன் முஸ்லிம் ஊர்களில் முடி வெட்டுகிறவன். பிறந்த பிள்ளைக்கு ஏழாம் நாள் தலைமுடி இறக்குவதும், பையன்களுக்குச் சுன்னத்து வைப்பதும் அவன் வேலை. மன்னாருக்குத் தெற்கே அந்தக் கரையில் ஒஸ்தாவின் கை படாமல் எந்த ஆணும் வளர்ந்ததில்லை. ஆனாலும் அவன் வீட்டில் யாரும் பெண் எடுப்பதில்லை. விருந்தில் ஸஹன் என்ற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும்போது அவனுக்கு மட்டும் தனிக் கோப்பையில் போட்டுக் கொடுப்பார்கள். இதை யாரும் அவமானமாக எண்ணிச் செய்யவில்லை. வழக்கமாகச் செய்தார்கள். வழக்கம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு கொடுமை வேண்டுமானாலும் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

அபூசாலி மன்னார்த் தீவில் பிறந்தவன். தகப்பனுடைய ஊர்கள் மூத்தவனுக்குப் போயின. இளையவனுக்குக் கிடைத்தவை தெற்குக் கரையில் நாவலடிக்குடா, அதற்கும் தெற்கே கொண்டச்சி, பிறகு ஆற்றுக்கு அப்பால் உள்நாட்டில் முருங்கன். மூன்றும் மூன்று திசையில் கிடந்தன. கரை வழியே போகும் மணற்பாதையிலிருந்து முருங்கனுக்கு வண்டித்தடம் பிரிகிற இடத்தில் அவன் ஒரு கிடுகுக் குடிசை போட்டான். எந்த ஊருக்குப் போவதானாலும் அங்கிருந்து நடை சமமாக இருந்தது. கால்களை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அயல் என்று சொல்ல ஒரு வீடு இல்லை. கிணற்று நீர் உவர்.

மனைவி உம்மு ஸல்மாவுக்கு முதற்பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் அந்தக் கணக்கில் ஆளைச் சேர்க்க மறந்தது அவனுக்குத் தெரிந்தது. முருங்கனுக்குப் போனால் வேலை முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். அருவியாறு பெருகினால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. நாவலடிக்குடாப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வேலியடைத்த ஒரு வெறும் மனை, வளவு, கிடந்தது. அதை ஊருக்காகப் பார்த்து வந்தவர் சரிபுதீன் மரைக்கார். ஒரு நாள் ஊரார் கூடியிருந்தபோது அபூசாலி அவரிடம் போய் நின்றான்.

“அந்த வளவில ஒரு மூலையில குடிசை போட விடுங்கோ மரைக்கார். நான் இல்லாத நேரம் அவவுக்கு ஒரு பொம்புளத் துணை வேணும்.”

மரைக்கார் சிரித்தார். “நீ எந்த ஊராள் எண்டு உனக்கே தெரியாது. திங்கள் கொண்டச்சி, புதன் முருங்கன். நீ முஸாபிர் அபூசாலி. வழிப்போக்கனுக்கு வளவு எதுக்கு? தங்க ஒரு மரநிழல் காணும்தானே.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முஸாபிர் என்றால் பயணி. பயணியின் தொழுகைக்கும் குடியிருப்பவனின் தொழுகைக்கும் மார்க்கத்தில் வேறு வேறு விதிகள் உண்டு. அதனால் அந்தக் கேலிக்குக் கொஞ்சம் கல்வியின் மணமும் இருந்தது. மனைவியோடு ஓரிடத்தில் அடுப்பு மூட்டி வாழ்கிறவன் முஸாபிர் அல்ல என்பது அங்கே உட்கார்ந்திருந்த வஸீர் லெப்பைக்குத் தெரியும். பள்ளியில் தொழுகை நடத்துகிறவர் அவர். அன்று அவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

பேசியவர் ஒருவர்தான். அப்துல் றசாக் என்ற கண் தெரியாத கிழவர். “மூலையைக் குடுங்கோவன். மூலைக்கு என்ன குறைஞ்சு போகுது?” என்றார். “காக்கா, நீங்க அந்த வளவைக் கண்டனீங்களோ?” என்று அண்ணன் முறை வைத்து யாரோ கேட்க, மறுபடி ஒரு சிரிப்பு. அதோடு பேச்சு முடிந்தது.

மாரியில் ஆறு பெருகியது. அபூசாலி முருங்கன் பக்கக் கரையில் நின்றுகொண்டிருந்தான். குடிசையில் ஸல்மாவுக்குப் பிரசவ நோக்காடு எடுத்தது. அரிப்பு என்ற ஊரிலிருந்து கருவாட்டுக் கடகப்பெட்டியோடு அந்தப் பாதையால் வந்த பிரான்சிஸ்கா என்ற பெண் முனகலைக் கேட்டு உள்ளே வந்தாள். தாயை அவள் காப்பாற்றினாள். பிள்ளை நிலைக்கவில்லை.

தண்ணீர் வடிந்து அபூசாலி வந்தபோது நாவலடிக்குடா மையவாடியில் பிள்ளையை அடக்கியிருந்தார்கள். அதற்கு இடம் கொடுக்க யாரும் மறுக்கவில்லை. தகப்பன் எந்த ஊராள் என்றும் யாரும் கேட்கவில்லை. அந்த ஊர் மண்ணில் அவன் குடும்பத்தில் முதலில் குடியேறியது அந்தப் பிள்ளைதான்.

அதன் பிறகும் அவன் மூன்று ஊருக்கும் போனான், மரைக்காரின் தலையையும் மழித்தான். கத்தி அவர் கழுத்தருகே போகும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பயத்தால் அல்ல, சுகத்தால். அவனைப் பற்றிப் பயப்பட ஏதாவது இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு தலைமன்னாருக்கு ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். நாவலடிக்குடாவில் முத்துக்குளிப்பை நம்பியிருந்த குடும்பங்கள் அது நின்றதிலிருந்து தடுமாறிக்கொண்டிருந்தன. இளம் ஆண்கள் ஒவ்வொருவராகப் பாதை வேலைக்குப் போய் அங்கேயே கொட்டிலில் தங்கினார்கள். காய்ச்சலில் சிலர் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வஸீர் லெப்பை குத்பாப் பிரசங்கத்துக்கு எழும்பாமல் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அந்த ஊரிலேயே நிலையாகக் குடியிருக்கும் ஆண்கள் நாற்பது பேர் வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றிய விதி. வெளியூரார் எத்தனை பேர் வந்து அமர்ந்தாலும் எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். அன்று முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஜும்ஆ இல்லை, எல்லா நாளையும் போல ளுஹர் என்ற நண்பகல் தொழுகையைத் தொழுதுவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த வெள்ளியும் அப்படியே. முடிந்தவர்கள் கொண்டச்சிக்கு நடந்தார்கள். அங்கே வாசலில் நின்றவர்கள், “வாங்கோ, வாங்கோ, நாவலடிக்குடா ஜமாஅத் வருது, பாயை விரியுங்கோ,” என்று உபசரித்தார்கள். அந்த உபசாரம் மரைக்காரின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு மாலை அவரும் லெப்பையும் குடிசைக்கு வந்தார்கள். அந்தப் பாதையில் மரைக்கார் நடந்து வந்தது அதுவே முதல் தடவை. ஸல்மா மறுபடி வயிற்றோடு இருந்தாள். அவள் உள்ளே போய்ப் பனங்கிடுகுத் தட்டிக்குப் பின்னால் நின்றாள்.

“பள்ளிக்குப் பக்கத்து வளவு சும்மா கிடக்குது,” என்றார் மரைக்கார். “நல்ல தண்ணிக் கிணறு. முழு வளவையும் எடு. ஊர் சேந்து வீடு கட்டித் தரும்.”

அபூசாலி முற்றத்தில் பாயை விரித்தான். மரைக்கார் தொடர்ந்தார்.

“எங்கட ஊர்ப் புள்ளையளுக்கெல்லாம் கத்தி வச்சவன் நீ. எங்கட மையவாடியில உன்ர புள்ள கிடக்குது. நீ எங்கட ஊராள்தானே.”

“நான் முஸாபிர் எண்டு சொன்னனீங்க.”

“அது பகிடிக்குச் சொன்னது.”

அபூசாலி லெப்பையைப் பார்த்தான். “பகிடியோ லெப்பை?”

“மனைவி மக்களோட இருக்கிறவன் முஸாபிர் இல்ல, குடியிருக்கிறவன்தான்,” என்றார் லெப்பை. “சட்டம் அப்பிடித்தான் சொல்லுது.”

“அண்டைக்கும் அப்பிடித்தானோ சொன்னது?”

லெப்பை தாடியைத் தடவினார்.

அவர்கள் வெளியே காத்திருக்க, தட்டிக்குப் பின்னாலிருந்து ஸல்மா மெல்லச் சொன்னாள்: “இஞ்சேருங்கோ. இந்த முறை எனக்குத் தனிய ஏலாது. அவங்க எதுக்குக் கேட்டாலும் கேக்கட்டும்.”

அவன் ஓம் என்று சம்மதித்தான்.

வீடு எழும்பியது. அடுத்த வெள்ளியன்று லெப்பை எண்ணி முடித்து முகம் மலர்ந்து குத்பாவுக்கு ஏறினார். தொழுகை முடிந்ததும் பலர் அபூசாலிக்குக் கைகொடுத்தார்கள். மரைக்கார் வீட்டு விருந்தில் முதல் முறையாக ஒரு ஸஹனில் அவனுக்கு இடம் விட்டார்கள். மற்றவர்கள் சற்று வேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். முன்னால் சோறு நிறையக் கிடக்க, அவன் தனியே இருந்தான். வாரத்தில் மற்ற நாட்களில் அவன் பழையபடி ஒஸ்தாதான்.

ஸல்மாவுக்கு நோக்காடு எடுத்த அன்று அபூசாலி கொண்டச்சியில் இருந்தான். ஆனால் இந்த முறை ஓலை வேலிக்கு மேலால் ஒரு குரல் போதுமாக இருந்தது. பெண்கள் ஓடி வந்தார்கள். பெண் குழந்தை. ஏழாம் நாள் அவனே தன் மகளின் தலைமுடியை இறக்கினான். அந்த முடியை மையவாடிக்குக் கொண்டுபோய் மகனின் பக்கத்தில் புதைத்தான். ஒஸ்தாமார் அப்படிச் செய்கிற வழக்கம் எதுவும் இல்லை.

தாயும் பிள்ளையும் தேறினார்கள். அதற்குப் பின் ஒரு வியாழக்கிழமை, பொழுது சாயுமுன் அவன் கத்திப்பெட்டியை எடுத்துக்கொண்டு கொண்டச்சிப் பாதையில் நடந்தான். மறுநாள் நாவலடிக்குடாவில் ளுஹர்தான் தொழுதார்கள். அடுத்த வியாழனும் போனான். அதற்கடுத்ததும். வெள்ளி விடிந்த பிறகு ஊரைவிட்டுக் கிளம்பி ஜும்ஆவைத் தவறவிடுவது பாவம் என்று லெப்பை பலமுறை சொல்லியிருக்கிறார். அபூசாலி விடியும்வரை ஒருநாளும் காத்திருக்கவில்லை. கொண்டச்சிப் பள்ளியில் நாற்பதுக்கு மேல் எத்தனையோ பேர். அங்கே அவன் கடைசி வரிசையில் அமர்ந்தான்.

மரைக்கார் பாதையிலேயே மறித்தார். “வளவு தந்தது எதுக்கு?”

“குடியிருக்க. குடியிருக்கிறன்.”

“வெள்ளிக்கிழமை?”

“மூண்டு ஊரிலயும் முடி வளருது மரைக்கார். நீங்களே சொன்னனீங்க, திங்கள் கொண்டச்சி, புதன் முருங்கன். இப்ப வெள்ளியும் ஒண்டு கூடிப் போச்சு.”

வீட்டைப் பிடுங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பிடுங்கினால் அவன் ஊராள் இல்லை என்று தாங்களே ஒத்துக்கொண்டதாகும். பிறகு நாற்பதுக்கு எங்கே போவது? அவன் இருந்தால் ஏதாவது ஒரு வியாழன் மனம் மாறலாம். இப்படி எண்ணி விட்டுவிட்டார்கள். பெண்கள் சில நாள் ஸல்மாவோடு பேசாமல் இருந்து, பிறகு குழந்தையைத் தூக்கும் ஆசையில் பேசினார்கள்.

இதை நீதி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒருவரின் கேலிக்கு ஓர் ஊரே ஜும்ஆ இல்லாமல் இருந்தது. கொண்டச்சிக்கு நடக்க முடியாத அப்துல் றசாக், அந்த வளவுக்காக வாய் திறந்த ஒரே மனிதர், வெள்ளிதோறும் பள்ளி மூலையில் வந்து உட்கார்ந்து, எண்ணிக்கை முடிவதைக் கேட்டு, ளுஹர் தொழுதுவிட்டுப் போனார். அபூசாலி அவருடைய தலையை மழிக்கும்போது இருவரும் காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசினார்கள். கிழவர் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை. ஜும்ஆ திரும்புமுன் கிழவர் இறந்துபோனார். அபூசாலி குழி வெட்டுபவர்களோடு நின்று மண் அள்ளினான். அடுத்த வியாழன் வழக்கம்போலக் கிளம்பினான். அவர் இறந்ததும் அவன் மாறியிருந்தால் அவனைப் புகழ எளிதாக இருந்திருக்கும்.

பாதை வேலை முடிந்தது. தலைமன்னாருக்கு ரயில் ஓடியது. போனவர்கள் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு வெள்ளி லெப்பை எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் பாதியில் விட்டுவிட்டார். மரைக்கார் ஊருக்குப் பால்சோறு காய்ச்சிப் பகிர்ந்தார். இனி அந்த ஒஸ்தா எங்கே போனால் என்ன என்று அவர் சொன்னது ஸல்மாவின் காதுக்கும் வந்தது.

அடுத்த வியாழன் மாலை அவள் கத்திப்பெட்டியைத் துடைத்து வாசலில் வைத்தாள். அபூசாலி அதை எடுத்து உள்ளே அலுமாரிக்கு மேல் வைத்தான். வெள்ளி காலை குளித்து, இடுப்பில் வெளுத்த சாரம் கட்டி, தொப்பி போட்டு, வேலிக்கு அப்பால் இருந்த பள்ளிக்குப் போனான். கடைசி வரிசையில், செருப்புகள் கிடந்த இடத்துக்கு அருகே உட்கார்ந்தான். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. அன்று தலைகளை எண்ண வேண்டிய தேவையும் இல்லை.

திரும்பி வந்தபோது ஸல்மா கேட்டாள்: “இண்டைக்குக் கொண்டச்சிக்குப் போகேல்லையோ?”

“புள்ள படுத்திட்டாளோ?” என்றான் அவன்.

அதன் பிறகு சாகும்வரை எந்த வெள்ளியும் அவன் வேறு ஊரில் தொழவில்லை.