கெர்னல் எண்ணெய் வந்த வருஷம்

பேட்டைக்குப் பக்கத்தில் என் கணவர் வீட்டாருக்கு ஒரு சோப்புப் பட்டறை இருந்தது. துணி துவைக்கிற பார் சோப்பு மட்டும்தான். மாமனார் காலமான பிறகு என் கணவரும் அவருடைய அக்காவும் அதை நடத்தினார்கள். அக்கா சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். காய்ச்சுவது மைனி, கடை கடையாக ஏறி விற்பது என் கணவர். அடுப்படி வேலை முடிந்ததும் நானும் போய் மற்ற பெண்களோடு உட்கார்ந்து சோப்பு அறுப்பேன்.

அம்பாசமுத்திரம் செக்குகளிலிருந்து வரும் இலுப்பெண்ணெயில்தான் அதுவரை காய்ச்சினோம். சோப்பு பழுப்பாக இருக்கும், ஒரு கசந்த வாடையும் உண்டு. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. வெள்ளை வெளேரென்று சோப்புகள் அதில் நுரைத்தன. கடைக்காரர்கள் எங்கள் கட்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு எண்ணெயை யார் வேண்டுமானாலும் தருவிக்கலாம் என்று ஆகி, தூத்துக்குடிக்குக் கப்பலில் பாம் கெர்னல் எண்ணெய் வந்து இறங்கியது. ஒரு எண்ணெய் வியாபாரி புட்டியில் கொஞ்சம் கொண்டுவந்து காட்டினார். தேங்காயெண்ணெய் உறைந்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"பனங்கொட்டையில எடுக்கதுன்னு சொல்லுதீங்க. பனங்கொட்டையில எங்க அண்ணாச்சி எண்ணெய் இருக்கு?" என்று மைனி கேட்டார்.

"நம்ம ஊர்ப் பனை இல்லம்மா. மலேசியாப் பக்கம் வேற பனை. பழத்துச் சதையில எடுக்கது சமையலுக்குப் போவுது. உள்ள இருக்க பருப்புல எடுக்கது இது. சோப்புக்காரங்க எல்லாரும் இப்ப இதத்தான் கேக்குதாங்க."

என் கணவருக்கு மனசில்லை. பழகின எண்ணெயை விடுவானேன் என்றார். மைனிதான் பிடிவாதமாக நின்றார். ஒரு டின் வாங்கிச் சின்னச் சட்டியில் காய்ச்சிப் பார்த்தார். சோப்பு வெள்ளையாக, கல் மாதிரி விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மைனி சிரித்த சிரிப்பை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. "ஏட்டி, இதக் கொண்டு போனா எந்தக் கடைக்காரன் வேண்டாம்பான்?" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பீப்பாய்கள் வந்து இறங்கிய மறுநாள் காலையில் பெரிய கொப்பரையில் ஏற்றினோம். எண்ணெய் சூடானதும் மைனி காஸ்டிக் கரைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே துடுப்பால் கிண்டினார். இலுப்பெண்ணெய் மந்தமானது. எவ்வளவு ஊற்றினாலும் பைய பையத்தான் இறுகும். அந்தக் கைப்பழக்கத்திலேயே மைனி ஊற்றினார். இந்த எண்ணெயோ காரத்தை உடனே பிடித்துக்கொண்டது. அடியிலிருந்து ஒரு பொருமல் கிளம்பி, கொப்பரை முழுவதும் திரண்டு மேலே வந்தது. "தள்ளிப் போ, ஏட்டி" என்று என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு, அடுப்பிலிருந்த விறகை இழுக்க மைனி குனிந்தார். அப்போது விளிம்பு தாண்டி வழிந்த குழம்பு அவர் முகத்தின் இடது பக்கத்திலும் தோளிலும் விழுந்தது.

மைனி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அறுக்கிற பெண்களில் ஒருத்தி காரத்தை முறிக்க எலுமிச்சம்பழம் எடுக்க ஓடினாள். என் கணவர் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக அவர் தலையில் ஊற்றினார். "கண்ணத் தொற அக்கா, கண்ணத் தொற அக்கா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோளும் கன்னமும் ஆறின. இடது கண் ஆறவில்லை. கருவிழிமேல் பால் படிந்தது போலாகி, வெளிச்சம் மட்டும் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "இனி இந்த எண்ணெய் வேண்டாம். பழையபடி இலுப்பெண்ணெயிலயே காய்ச்சுவோம்" என்றார்.

"இலுப்பெண்ணெய்ச் சோப்ப எவன்லே வாங்குதான்?" என்றார் மைனி. "எண்ணெய்க்கு நம்ம மேல கோவம் ஒண்ணும் கெடையாது. வேகமான எண்ணெய், அவ்வளவுதான். கொஞ்சங் கொஞ்சமா ஊத்திருக்கணும்."

கட்டுப் பிரித்த கொஞ்ச நாளிலேயே அவர் மறுபடி கொப்பரைக்குப் போனார். இடது பக்கம் தெரியாததால் என்னைக் கூட நிற்கச் சொன்னார். நானும் போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் காரத் தண்ணீர் விழும்போது, மைனியின் கையைப் பார்ப்பதா, கொப்பரையைப் பார்ப்பதா, அவர் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் நிற்பேன். சோப்பு நன்றாக விற்றது. திருச்செந்தூர் லாட்ஜுகளுக்குக்கூடப் போனது. ஆனால் என் கணவர் காய்ச்சுகிற கொட்டகைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். அக்காவோடு பேச வேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவார். சாப்பாட்டுக்கும் அக்கா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வருவார். வெள்ளைச் சோப்பு வீட்டுக்குச் சோறு போட்டது. வீட்டில் பேச்சு நின்றுபோனது.

அது நடந்து பத்து வருஷம் ஆவதற்குள் அந்த எண்ணெயும் எங்கள் கைக்கு எட்டாமல் போனது. பெரிய கம்பெனிகள் கப்பலோடு மொத்தமாக எடுத்துக்கொண்டன. எங்களுக்கு மிச்சம் மீதிதான் வந்தது, அதுவும் ஏறிய விலைக்கு. சோப்புத் தூள் வேறு தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. பட்டறையை மூடினோம். கொப்பரையைப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, மைனி காலிக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் என் கணவர் உள்ளே வந்தார்.

"நான் இன்னும் பலமா வேண்டாம்னு சொல்லியிருக்கணும்க்கா."

மைனி விளக்குமாற்றை நிறுத்தாமலே, "சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்லே" என்றார். மூலைக்குக் குப்பையைத் தள்ளிக்கொண்டே, "அதுக்காவ இத்தன வருஷமா மொகத்தப் பாக்காம இருப்பியோ?" என்றார்.

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மைனி பக்கத்தில் போகவில்லை. அழுது முடியட்டும் என்று கூட்டிக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் இரண்டு பேருக்கும் சேர்த்து இலை போட்டேன். ரசம் உறைப்பு என்று மைனி சொன்னார், ஆமாம் என்றார் அவர்.

அதன்பின் பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் என் கணவர் வேலைக்குச் சேர்ந்தார். மைனிக்கு வலது கண்ணிலும் புரை விழத் தொடங்கியது. டாக்டர் அது வயதினால்தான், காஸ்டிக்கினால் இல்லை என்றார். நான் அதை நம்பத்தான் பார்க்கிறேன்.