சமையலறையில் சொன்னது

விசிதாசியோன் என்று முழுப்பெயரைச் சொன்னால் ஸ்பானிய நகரமான சலமான்காவில் அவள் தெருக்காரர்களுக்கே யாரென்று தெரியாது. விசி என்றால்தான் தெரியும். கர்ரிதோ பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பத்தொன்பது வருடங்களாக வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து ஸ்பானியம் பேச வைத்தவள் அவள். காலையில் பிள்ளைகள் மொழிப் பள்ளிக்கு இலக்கணம் படிக்கப் போய்விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் விசியின் பாடு.

வீட்டுக்குள் ஆங்கிலம் நுழையக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். விசிக்கு அந்தச் சட்டமே தேவைப்படவில்லை. அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

"நான் பசி இருக்குது" என்று ஒரு பிள்ளை சொன்னால் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருக்குப் பசி? கரண்டிக்கா? எனக்குப் பசிக்குதுன்னு சொல்லு. சொன்னாத்தான் தட்டு வரும்" என்பாள். பயறும் சொரிசோ என்ற தொத்திறைச்சியும் மணக்க மணக்க எதிரில் இருக்கும். பிள்ளை ஒழுங்காகச் சொல்லிவிடும். நடந்ததைச் சொல்ல ஒரு வினை, நடக்க வேண்டுமே என்று ஏங்குவதைச் சொல்ல வேறொரு வினை என்று அந்த மொழியில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்று விசிக்குத் தெரியாது. ஆனால் அதில் அவள் நாக்கு ஒருநாளும் பிசகியதில்லை. பள்ளியில் வீடுகளுக்குப் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் பெகோன்யா, "வாயே திறக்காத பிள்ளையா? விசிகிட்ட அனுப்பு, ரெண்டு மாசத்துல வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கும்" என்பாள். பக்கத்துக் கட்டடத்தில் அதே வேலை செய்யும் காசில்தாவுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

விசியிடம் ஒரு தந்திரமான பாடமும் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் வந்திருக்கும் தபாலை, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை, மின்சார அலுவலகக் கடிதத்தையெல்லாம் பிள்ளைகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வாள். உச்சரிப்புப் பயிற்சி என்று பெயர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம்" என்பாள். பள்ளியில்கூட இந்த முறையைப் பாராட்டினார்கள். விசிக்குப் படிக்கத் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவே இல்லை.

எண்கள் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியும். தெருப்பெயர்கள் ஐம்பதறுபதை உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வாள். அதற்கு மேல் இல்லை. மலைப்பக்கத்து ஊரில் எட்டு வயதில் ஆடு மேய்க்க அனுப்பினார்கள். பதின்மூன்று வயதில் சலமான்காவில் ஒரு நோட்டரி வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுத் தன் பேச்சைப் பளபளவென்று ஆக்கிக்கொண்டாள். "கண்ணாடியை எங்கயோ வச்சிட்டேன்" என்ற ஒரே வாக்கியத்தைக் கொண்டு ஐம்பது வருடங்களை ஓட்டியிருந்தாள்.

அவளுடைய அறுபத்து மூன்றாவது வயதில், ஒரு ஜனவரியில், விஸ்கான்சினிலிருந்து பிரென்னா வந்து சேர்ந்தாள். இருபது வயது. நெட்டையான, எதற்கெடுத்தாலும் முகம் சிவக்கிற பெண். முதல் நாள், "நீங்க ரொம்ப அன்பாக இருக்கிறீங்க, அம்மணி" என்று புத்தகத்திலிருந்து எடுத்த மாதிரி சொன்னாள்.

"இந்த வீட்டுல 'நீங்க' எல்லாம் கிடையாது பொண்ணே. நீங்கன்னா பாதிரியார்கிட்ட பாவமன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு. நான் விசி. நீன்னு கூப்பிடு."

"நீ... விசி."

"அவ்வளவுதான். உக்காரு."

பிரென்னா மற்றப் பிள்ளைகளைப் போல அறைக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அடியில் கணப்பு வைத்த வட்டமேசையில் விசியின் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்தாள். விசியின் கணவன் எலாதியோ ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அவரிடமே சீட்டாடக் கற்றுக்கொண்டு அவரையே தோற்கடித்தாள். விசிக்கு வய்யாதோலித்தில் ஒரு மகன் உண்டு. அவன் பெயரை விசி ஒரு நாளைக்கு ஒருமுறை சொன்னாள் என்றால் பிரென்னாவின் பெயரை ஐம்பது முறை சொன்னாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் பிரென்னா சாப்பிட வரவில்லை. விசி சோற்றை மூடி வைத்துவிட்டு ஐந்து மணி வரை தானும் பட்டினி கிடந்தாள். பெகோன்யாவுக்கு இரண்டு முறை போன் போட்டாள். ஆறு மணிக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து நின்றது. வகுப்போடு ஆவிலா போயிருந்தாளாம்.

"மேசை மேல சீட்டு வச்சிட்டுத்தானே போனேன், விசி?"

அந்தச் சீட்டை விசி பார்த்திருந்தாள். வகுப்புப் பாடம் என்று நினைத்து மடிப்புக் கலையாமல் பிரென்னாவின் தலையணை மேல் வைத்திருந்தாள்.

"கண்ணாடி இல்லாம எதைப் படிக்கிறது?" என்றாள். பிரென்னா ஒரு கணம் கூடுதலாக அவளைப் பார்த்தாள்.

மார்ச்சில் பிரென்னா தேர்வில் தோற்றாள். புத்தகத்தைச் சமையலறைத் தரையில் எறிந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். "நான் முட்டாள். ஊருக்கே போறேன். எனக்கு இது வராது."

விசி அடுப்பை அணைத்தாள். கதவைச் சாத்தினாள். அதற்கு முன் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். ஆடுகளை, நோட்டரி வீட்டை, தொலையாத கண்ணாடியை, எல்லாவற்றையும்.

"படிக்கத் தெரியாத ஒருத்தி இந்த மொழியை இப்படிப் பேசறா. படிச்ச பொண்ணு உனக்கு வராதா? எந்திரி, மூக்கைச் சிந்து."

பிரென்னா அழுகையை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலாதியோவுக்குத் தெரியாது, என் மகனுக்கும் தெரியாது" என்றாள் விசி. "உனக்கு மட்டும்தான். வெளியே போகக் கூடாது."

"சத்தியமா, விசி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தச் சத்தியத்தைப் பிழையில்லாமல்தான் சொன்னாள். அன்று முதல் விசிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது. பிரென்னா மட்டும் இருக்கும்போது தபாலை நேராக நீட்டி, "என்ன எழுதியிருக்கான் பாரு" என்று கேட்க முடிந்தது. நடிக்க வேண்டியதில்லை. ஈஸ்டர் முடிந்து மறுவாரத் திங்களன்று, ஊர் வழக்கப்படி, இருவரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஓர்னாசோவைப் பிய்த்துத் தின்றார்கள். இறைச்சி அடைத்த அந்தப் பெரிய ரொட்டியைச் சுடும் பக்குவத்தை விசி வாயால் சொல்லச் சொல்ல, பிரென்னா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மே மாதக் கடைசி வாரத்தில் பிள்ளைகள் மேடையேறிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சிறந்த உரைக்குப் பரிசு உண்டு. வீட்டுக்காரர்களையும் அழைப்பார்கள். பிரென்னா மூன்று வாரமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். விசி துடைப்பத்தோடு கதவுக்கு வெளியே நின்று, வார்த்தைகள் தெளிவாகக் காதில் விழாவிட்டாலும் அந்த ஓட்டத்தைக் கேட்டு மனசுக்குள் சிரித்துக்கொள்வாள். தலைப்பு என்ன என்று கேட்டதற்கு, "அது உனக்கு ஒரு பரிசு" என்றாள் பிரென்னா. விசி முடியைச் சீர்செய்துகொண்டு, நீலத்தில் ஒரு புதுச் சட்டையும் வாங்கினாள்.

அன்று மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. விசிக்கு ஒரு பக்கம் எலாதியோ, மறுபக்கம் காசில்தா. பிரென்னா மேடைக்கு வந்து தலைப்பைச் சொன்னாள்: "என் வீட்டு ஆசிரியை."

காசில்தா முழங்கையால் இடித்தாள். "உன்னைத்தான்டி. அழுது வைக்காதே."

முதலில் கரண்டிக் கதை. எல்லோரும் சிரித்தார்கள், விசியும் சிரித்தாள். பிறகு பிரென்னாவின் குரல் தணிந்தது. "மார்ச் மாதம் ஒரு நாள், என் ஆசிரியை சமையலறைக் கதவைச் சாத்தினாள்."

விசியின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஆடுகள் வந்தன. நோட்டரி வீடு வந்தது. கண்ணாடி வந்தது. தலையணை மேல் வைத்த சீட்டும் வந்தது, அதற்குச் சிலர் 'த்ச்சு' கொட்டினார்கள். பத்தொன்பது வருடமாகத் தபாலைப் படிக்கச் சொன்ன அந்தப் பாடத்தின் உள்விவகாரமும் வந்தது. ஒரு வினை பிசகவில்லை. ஏக்கத்துக்கு ஏக்கத்தின் வினை, நடந்ததற்கு நடந்ததன் வினை. "எழுத்தே தெரியாத இந்தப் பெண்மணிதான் எனக்கு மொழியைக் கொடுத்தாள்" என்று முடித்துவிட்டு, பிரென்னா கண்ணீரோடு விசியை நோக்கிக் கையை நீட்டினாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. காசில்தாவும் நின்றாள். கைதட்டிக்கொண்டே திரும்பி, விசியை முதல்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

பரிசு பிரென்னாவுக்குத்தான்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள். விழுந்த கைப்பையை எலாதியோதான் தூக்கிக்கொண்டு வந்தார். படியேறி வந்து அவர் கோட்டைக் கழற்றும்போது விசி கேட்டாள்:

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நான் பட்டாளத்துல இருக்கிறப்ப நீ போட்ட கடிதாசெல்லாம் நோட்டரி மக கையெழுத்து. அவங்க வீட்டு ரசீதுல பாத்திருக்கேனே."

"நாப்பது வருஷமா சொல்லவே இல்லையே."

"நீயும் சொல்லலையே" என்றார் எலாதியோ. "உனக்குச் சொல்லப் பிடிக்கலைன்னு விட்டுட்டேன்."

விசி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இந்த மனுஷன் நாற்பது வருடம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான், அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் தாங்கவில்லை. புதுச் சட்டையைக் கழற்றி அலமாரியின் அடியில் திணித்தாள்.

பிரென்னா நண்பர்களோடு கொண்டாடிவிட்டு நேரம் கழித்துத்தான் வந்தாள். மறுநாள் காலையில் பூரித்த முகத்தோடு சமையலறைக்கு வந்தாள்.

"விசி! சொல்லு, எப்படி இருந்தது?"

விசி காப்பிக் கிண்ணத்தை அவள் முன் வைத்தாள். "நீங்க ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிறீங்களா, ஜாமா?"

ஐந்து மாதம் இந்த மொழியில் முங்கிக் குளித்தவளுக்கு அது போதும். பிரென்னாவின் முகம் கழுத்துவரை சிவந்தது.

"ஏன் நீங்கன்னு கூப்பிடறே?"

விசி ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நான் கெட்டதா ஒண்ணும் சொல்லலையே! நீ எவ்வளவு பெரியவள்னு எல்லாருக்கும் தெரியணும்னுதானே சொன்னேன். எல்லாரும் அழுதாங்க, விசி. பெகோன்யா முதல்லயே படிச்சுத் திருத்திக் கொடுத்தாங்க, அவங்களும் அழுதாங்க."

"பெகோன்யா படிச்சாளா? எப்ப?"

"மூணு வாரம் முன்னாடி."

மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் பெகோன்யா இரண்டு முறை வீட்டுக்கு வந்து, இதே மேசையில் காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தாள். 'நல்லா உடுத்திக்கிட்டு வா விசி, உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு' என்றுகூடச் சொன்னாள்.

"நீங்க சொன்னதுல பொய் ஒண்ணுமில்லை" என்றாள் விசி. குரல் ஏறவில்லை. "ஆனா அது உங்களோடது இல்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சத்தியம் பண்ணினீங்க."

"அது வெக்கப்படற விஷயமே இல்லை விசி!"

"வெக்கப்படணுமா வேண்டாமான்னு நான் பாத்துக்குறேன். காப்பி ஆறுது."

மீதியிருந்த நான்கு நாட்களும் வேளாவேளைக்குச் சோறு வந்தது. துணி துவைத்து மடித்து வந்தது. பிரென்னா வேண்டுமென்றே தப்பாகப் பேசிப் பார்த்தாள், விசி திருத்தவில்லை. ஊருக்குப் போகும் நாளில் எலாதியோதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். விசி வாசலில் நின்று கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம் கொடுத்தாள். "நல்லபடியா போய்ச் சேருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். படிக்கட்டில் அந்தப் பெண் விம்முவது கேட்டது. விசி தாழ்ப்பாளில் கை வைத்தபடி அது ஓயும்வரை நின்றாள், திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கொடுமை. ஊர் அவளிடம் அன்பாக நடக்கத் தொடங்கியது. மீன்கடைக்காரன் விலைப்பலகையைக் காட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, "ஏழு... எண்பது, விசி" என்றான். அவளுக்கு எண்கள் எப்போதும் தெரியும். மருந்துக்கடைப் பெண் மாத்திரைப் பெட்டியில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தாள். காசில்தா படியேறி வந்து, "ஏதாவது தபால் வந்தா கூச்சப்படாம கூப்பிடு, என்ன?" என்றாள். அவள் கண்ணில் இத்தனை வருடமாக இருந்த பொறாமை காணாமல் போயிருந்தது. விசிக்கு அந்தப் பொறாமையே தேவலை என்று இருந்தது. மீன் வாங்க ஆற்றுக்கு அப்பால், தன்னைத் தெரியாத கடைக்குப் போகத் தொடங்கினாள்.

செப்டம்பரில் புது மாணவர் பட்டியலோடு பெகோன்யா வந்தாள். கூடவே முதியோர் பள்ளியின் சேர்க்கைத்தாள் ஒன்றும் கொண்டுவந்தாள்.

"நான் பூர்த்தி பண்ணிட்டேன் விசி, நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"மூணு வாரம் என் காப்பியைக் குடிச்சிட்டு எப்படிடி உக்காந்திருந்தே?"

"நல்லதுக்குத்தானே விசி..."

"கையெழுத்துப் போடத்தான் எனக்குத் தெரியும். எங்க போடறதுங்கறதை நான்தான் முடிவு பண்ணுவேன்." விசி இரண்டு தாளையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். "பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடு."

பிள்ளைகள் தங்கிய அறையில் எலாதியோ மிளகாய்ச் சரங்களைக் காயப் போட்டார். வீட்டில் சத்தம் குறைந்தது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தொலைபேசி அடித்தது. எலாதியோ எடுத்துக் கேட்டுவிட்டு விசியிடம் நீட்டினார். விசி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"விசி! நான் பிரென்னா. எப்படி இருக்கே? இங்க கல்லூரியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு, முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு ஸ்பானியம் சொல்லித்தர்றேன். முதல் வகுப்புல உன் கதையைத்தான் சொன்னேன். எல்லாருக்கும் உன்னை அவ்வளவு பிடிச்சிருக்கு!"

அடுப்பில் பாதாம் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"சந்தோஷம். வீட்டுல எல்லாருக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றார் எலாதியோ.

"அமெரிக்காவுல ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைங்க இருக்கும்?"

"யாரு கண்டா? முப்பது இருக்கும்."

"முப்பது" என்றாள் விசி. அடுப்பருகே போனாள். பால் அடிப்பிடித்திருந்தது. பாத்திரத்தை இறக்கித் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, இன்னொரு பாத்திரத்தை எடுத்தாள்.