முள் காட்டிய பூஜ்யம்

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்ரசர் அறை வேலையை விட்டுவிட்டு, அதே சாலையில் ஒரு சிறிய அலுவலகத்தில் சேரப் போயிருந்தேன். இயந்திரங்களுக்குள் காற்று எப்படி ஓடும் என்பதை மென்பொருளில் கணக்கிட்டுத் தரும் இடம். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் நான். பீர்மேட்டு மலையிலிருந்து இறங்கிய பின் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. பழைய வேலையோடு தங்கும் அறையும் போய்விட்டது. முதலாளி மத்தியானம் வருவதற்குள் சோதனைக் கணக்கு சரியாக வந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்தான்.

கணக்கு இதுதான். ஒரு நீளக் குழாய், நடுவில் மெல்லிய தடுப்பு. இடப்பக்கம் பத்து மடங்கு அழுத்தத்தில் காற்று, வலப்பக்கம் சாதாரணக் காற்று. தடுப்பைச் சட்டென்று எடுத்தால் அதிர்ச்சி அலை வலப்பக்கம் பாயும். சரியான விடை முன்பே தெரிந்ததுதான். என் வரைகோடு அதன்மேல் படிய வேண்டும்.

ஓட்டினேன். தொடங்கியதுமே பிழைச் செய்தி காட்டி நின்றது. நேர இடைவெளியைக் குறைத்தேன், நின்றது. கணக்குக்காகக் குழாயைப் பிரித்திருந்த கட்டங்களைக் கூட்டினேன், அதே பிழைச் செய்தி. வெளியே எந்த வண்டி நின்றாலும் முதலாளியோ என்று திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்து மேசைப் பொறியாளர் கொழிஞ்சாம்பாறைப் பெண். எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, வலப்பக்கம் அழுத்தம் சைபர்னு போட்டிருக்கீங்க?"

"வெறுங்காத்துதான மேடம். மீட்டர் முள்ளு சைபர்லதான நிக்கும்?"

"அப்ப இந்தப் பக்கம் ஒம்பது?"

"பத்துல ஒண்ணக் கழிச்சேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "காத்தையே உறிஞ்சிப் போட்டுட்டீங்க, அப்பறம் அலை எதுக்குள்ள போவுமுங்க? இங்க சைபர்னா ஒண்ணுமே இல்லீங்க. அந்தக் கம்ப்ரசர் ரூமை வெளியில கழட்டி வெச்சுட்டு வாங்க."

கம்ப்ரசர் மீட்டர் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காது. மென்பொருள் சேர்க்கும். பத்து, ஒன்று என்று மாற்றினேன். ஓடியது.

கோடு படிந்தபோது முதலாளி என் பின்னால் நின்றிருந்தார்.

"அடர்த்திக் கோட்டுல ரெண்டு படி இருக்கு. அழுத்தத்துல ஒண்ணுதான். இன்னொண்ணு எங்க?"

திரையில் முதல் படியைக் காட்டினேன். "முன்னாடி இருக்கது அலை சார். பின்னாடி, ரெண்டு பக்கத்துக் காத்தும் தொடுற எடம். ஒண்ணையொண்ணு ஒரே அளவுதான் தள்ளுது, அதான் அழுத்தம் மாறல. சூடுதான் வேற."

அவர் பொறியாளரைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்ததா?"

"அது அவரேதானுங்க. சைபரு மட்டும்தான் நானு."

"என்ன சைபர்?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வரைகோட்டில் மழுங்கியிருந்த மூலைகளை விரலால் தொட்டார்.

"இது இன்னும் கூரா வரணும். மாசக் கடைசி வரைக்கும் இரு, பாப்போம்."

கட்டங்களை இரண்டு மடங்காக்கி மறுபடி ஓட்டினேன். அது முடியும்வரை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.